எஸ்தர் அக்காவின் குடைக்கம்பி

போன செவ்வாய்க்கிழமை காலை, கிள்ளானிலிருந்து வரும் முதல் ரயில்வண்டியின் கார்டு அந்தோணி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. என்ன விஷயம் என்று கேட்கவில்லை. "யாரு அண்ணே?" என்றுதான் கேட்டேன்.

"எஸ்தர் அக்கா, தங்கச்சி. ஞாயித்துக்கிழம சாயங்காலம். ரெண்டு நாள் காய்ச்சல்தான். நேத்து அடக்கமும் ஆயிடுச்சு. இத ஒங்கிட்ட குடுக்கணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்களாம். தம்பிக்காரரு குடுத்து விட்டாரு."

பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டிய நீளமான, ஒல்லியான பொட்டலம். பிரிக்கவே தேவையில்லை, தொட்டதும் தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பது ஒரு கிழிந்த குடையின் கம்பி. ஒரு முனையிலிருந்து நாலு விரல் தள்ளிச் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். அந்தக் கம்பியை வருஷக்கணக்கில் கேலி செய்தவள் நான். அதை எனக்கே அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார் மகராசி.

நம் பெண்கள் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அக்காவைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் அவரை அறியாதவர் இல்லை. எல்லாரும் அறிந்த எஸ்தர் அக்கா பயந்தாங்கொள்ளி. அதை நான் மறைக்கப்போவதில்லை. மறைத்தால் அவரைப் பற்றி எழுத வேறு என்ன இருக்கிறது?

நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது ஆற்றுப் பக்கமாக இருந்த கடைசி வரிசையில் ஒரு வீடு. என் வீட்டுக்காரர் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற வேலை. பக்கத்து வீட்டில் ஒர்க்ஷாப் பிட்டர் ஆசீர்வாதம் அண்ணனும் அவர் மனைவி எஸ்தர் அக்காவும். இரண்டு அடுப்படிகளுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பலகையில் அகப்பையால் தட்டிப் பேசிக்கொள்வது எங்கள் வழக்கம். ஒரு தட்டு என்றால் காப்பி ஆகிவிட்டது. இரண்டு என்றால் கொஞ்சம் வந்துவிட்டுப் போ. மூன்று தட்டு அக்காவாகச் சேர்த்தது. ஆறு ஏறுகிறது என்று அர்த்தம்.

அக்கா எதற்குத்தான் பயப்படவில்லை! மின்னல் வெட்டினால் நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடுவார். எருமை வந்தால் அடுத்த வரிசைக்குப் போய்ச் சுற்றி வருவார். பூச்சோங் பக்கத்துக் காட்டில் புலி உறுமியதாக யாரோ பாசாரில் காய்கறி வாங்கும்போது சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் கொல்லைக் கதவுக்கு அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். "பூச்சோங் புலி ரயிலேறியா வரும், அக்கா?" என்று கேட்டேன். "நடந்து வந்தா மட்டும் கடிக்காதா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவருக்கு அது வேடிக்கை இல்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான பயம் தண்ணீர்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் அக்காவுக்கு உறக்கம் கிடையாது. கொல்லையில் ஒரு பிஸ்கோத்து டின்னைத் திறந்து வைத்துவிடுவார். மழை விட்டதும் ஓடிப்போய் அந்தக் குடைக்கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பார். காலையில் கொட்டிக் காலியாக வைத்த டின்னில் அன்றைக்கே சிவப்பு நூல் வரை மழை சேர்ந்துவிட்டால் அன்று ஆறு கரை ஏறும். இது அவராகக் கண்டுபிடித்த கணக்கு.

"மழ மலையில பேஞ்சா ஆறு வரும். ஒங்க டின்னுக்கு அதெல்லாம் தெரியுமா அக்கா?" என்று என் வீட்டுக்காரர் சீண்டுவார்.

"தெரியாது தம்பி. எனக்குந்தான் தெரியாது. அதான் பயமா இருக்கு" என்பார் அக்கா.

அந்த டின் பொய் சொன்ன நாட்கள் நிறைய. மூன்று தட்டுக் கேட்டு, சோற்றுப் பானையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ரயில் பாதை மேட்டில் ஏறி நின்று, நனைந்த கோழிகளாய்த் திரும்பி வந்திருக்கிறோம். ஆறு கரைக்குக் கீழே சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். வரிசையே சிரிக்கும். அக்கா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "தப்பாப் பயந்துட்டேன். சிரிச்சுட்டுப் போங்க. சிரிக்க ஆளு இருக்கீங்கல்ல, அது போதும்" என்பார்.

சிறு வயதில் ஒரு பிள்ளையை ஆற்றில் பறிகொடுத்தவர், அதனால்தான் இந்தப் பயம் என்று போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். சுத்தப் பொய். அவருக்குப் பிள்ளையே இல்லை. நானே ஒரு தரம் கேட்டிருக்கிறேன், எதனால் அக்கா இவ்வளவு பயம் என்று. "காரணம் வேணுமா? சில பேருக்குச் சளி பிடிச்ச ஒடம்பு. எனக்குப் பயம் பிடிச்ச ஒடம்பு. அதுக்காக ஒலையில அரிசி போடாம இருக்கேனா?" என்றார். அத்தோடு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

மழைக்கால மத்தியானங்கள் எங்களுக்குப் பல்லாங்குழியோடு போகும். என் மகள் செல்லத்துக்கு அப்போது நாலு வயது. அக்காவைப் பெரியம்மா என்பாள். அக்கா அவளுக்கு நூலில் தொப்பி பின்னிப் போடுவார். இந்த வேக்காட்டில் தொப்பி எதற்கு என்றால், தலையில் இடி விழாதாம்! செல்லமும் அதை நம்பித் தொப்பியோடுதான் திரிவாள். புளியங்கொட்டையை ஒவ்வொரு குழியாகப் போட்டுக்கொண்டே அக்கா பாதி ஆட்டத்தில் எழுந்து போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவார். வந்து பார்த்தால் நான் இரண்டு கொட்டையைத் திருடியிருப்பேன். கண்டுபிடித்தாலும் கேட்கமாட்டார்.

இனி நான் எழுதவேண்டியது அதிரசம் சுட்ட கதை. இதற்காகத்தான் இரண்டு நாளாகப் பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு அதிரசம் சுடும்போது கதவைச் சாத்திவிடுவோம். கண் பட்டால் மாவு எண்ணெயில் பிரிந்துபோகும் என்பார்கள். எண்ணெய் காயும்போது வெளியிலிருந்து யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. உள்ளே இருப்பவளும் பதில் கொடுக்கக் கூடாது. அக்கா மெத்தடிஸ்ட் சபைக்காரர், அவருக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் நான் சுட்டுக்கொண்டிருக்கையில் கொல்லைக் கதவைத் தட்டி, "மங்களம், மழ கறுக்குது, துணிய எடு" என்று கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கென்று பார்த்து அதிரசம் அத்தனையும் சட்டியில் கரைந்து கூழாகிப் போயிற்று. பாகு பதம் தப்பியது என் கையால். அது எனக்கே தெரியும். ஆனாலும் வெளியே வந்து, "ஒங்க வாயாலதான் அக்கா எல்லாம் போச்சு. எண்ணெய் காயறப்ப இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. வீடே பத்தி எரிஞ்சாலும் கூப்பிடாதீங்க" என்று கத்தினேன்.

"சரி மங்களம், எனக்குத் தெரியாதுல்ல. இனிமே கூப்பிடமாட்டேன்" என்றார். அந்த வார்த்தையை அவர் காப்பாற்றினார். அதுதான் வினையாயிற்று.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை விட்டால்தானே! துணி காயாமல் நாறியது, தீப்பெட்டி பற்றவில்லை. அதோடு ஒரு வதந்தியும் கிளம்பியிருந்தது. ஆற்றில் புதுப் பாலத்துக்குத் தூண் இறக்குகிறார்களாம், தூண் நிற்கவில்லையாம், ஆற்றுக்குச் சின்னப் பிள்ளைத் தலை வேண்டுமாம், சாக்குப் பையோடு ஆள் அலைகிறானாம். கீரை விற்கிறவள் தொடங்கி எல்லாரும் அதையே பேசினார்கள். நான் பகலில் சிரித்தேன். ஆனால் செல்லத்தை வாசற்படி தாண்ட விடவில்லை. அவள் கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டால் கை வேலையைப் போட்டுவிட்டுத் தேடுவேன். அக்காவைச் சொல்வானேன், அந்த ஐப்பசியில் எல்லாருக்குமே பயம் பிடித்த உடம்புதான்.

தீபாவளிக்கு முதல் நாள். என் வீட்டுக்காரரும் ஆசீர்வாதம் அண்ணனும் வேலைக்குப் போயிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு செல்லம் முன் வராந்தாவில் பாயில் மரப்பாச்சியை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். வராந்தாவின் கம்பிக் கதவைக் கொக்கி போட்டுவிட்டு, அடுப்படிக் கதவையும் சாத்திக்கொண்டு எண்ணெயை ஏற்றினேன். தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்டியது. முதல் அதிரசத்தைப் பிள்ளையாருக்கு எடுத்து வைத்தேன். இந்தத் தரம் பதம் கூடி வந்திருந்தது. மனசு நிறைந்துபோய் இருந்தேன்.

அப்போது பலகையில் மூன்று தட்டுக் கேட்டது.

கேட்டது, கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். 'ஆரம்பிச்சாச்சு, டின்னும் கம்பியும்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மூன்று தட்டு. இம்முறை வேகமாக. நான் அடுத்த அதிரசத்தைத் தட்டி எண்ணெயில் விட்டேன். மூன்றாவது தரமும் தட்டினார். அதன் பிறகு சத்தம் இல்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ, கால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தேன். கதவிடுக்கு வழியாகச் செம்மண் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அடுப்புச் சாம்பல் கரைந்து ஓடியது. சட்டியை அப்படியே போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். பாய் மிதந்தது. பிள்ளை இல்லை. கம்பிக் கதவு திறந்து கிடந்தது.

நான் போட்ட கொக்கியை யார் எடுத்தது? செல்லத்துக்குக் கொக்கி எட்டாது. "செல்லம்!" என்று கத்தினேன். மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா வீட்டுக் கதவை உதைத்தேன், உள்ளே ஆள் இல்லை. வரிசையில் பாதி வீடுகள் திறந்து கிடந்தன. மற்றவர்கள் மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள் என்று புத்தி உள்ளவளுக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது சாக்குப் பை. பாலம். தூண்.

ஊரே ஆற்றை விட்டு ஓடுகிறது, நான் ஒருத்தி ஆற்றைப் பார்த்து ஓடினேன்.

முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சேலை காலைச் சுற்றிக்கொண்டது. ஒரு வாழை மரம் வேரோடு என்னை இடித்துக்கொண்டு போனது. அப்போது செத்துப்போவேன் என்ற பயம் எனக்கு வரவில்லை. என் பிள்ளை எந்தப் பக்கம் முகம் வைத்துக் கிடக்கிறதோ என்ற பயம்தான். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் அறியவில்லை, பின்னும் அறியவில்லை. எதிரிக்கும் வேண்டாம்.

"மங்களம்! மங்களம்! இங்க பாரு! மங்களம்!"

பின்னாலிருந்து, மேட்டிலிருந்து, தொண்டை கிழிகிற குரல். வருஷம் பூராவும் அடங்கிப் பேசுகிற எஸ்தர் அக்காவின் குரல்தான். திரும்பினேன். தண்டவாளத்தில் நின்ற சாமான் வண்டியின் திறந்த கதவருகே அக்கா. அவர் இடுப்பில், தலையில் நூல் தொப்பியோடு, என் மகள்.

எப்படித் திரும்பி நடந்தேன், யார் கை கொடுத்து ஏற்றினார்கள் என்பதெல்லாம் நினைவில்லை. மேட்டில் ஏறியதும் பிள்ளையைப் பறித்துக்கொண்டேன். அக்காவைப் பார்த்துக் கை ஓங்கினேன். ஓங்கினேன் என்று எழுதிவிட்டுப் பார்க்கிறேன், அது பொய். அடித்தேன். அத்தனை பேர் நடுவில், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரைக் கன்னத்தில் அடித்தேன். "புள்ள பிடிக்கிறவளே, சொல்லாம கொள்ளாம எப்படித் தூக்குவ எம்புள்ளைய?" என்று கேட்டேன்.

அக்கா கன்னத்தைத் தொடக்கூட இல்லை. "தட்டினேன் மங்களம். மூணு தரம் தட்டினேன். எண்ணெய் காயுதுல்ல, அதான் பேர் சொல்லிக் கூப்பிடல. நீ பாத்தா தெரியட்டும்னு ஒன் வாசல்ல டின்ன வச்சிட்டுத்தான் வந்தேன். புள்ளைய மேல விட்டுட்டுத் திரும்பி வரலாம்னு இருந்தேன். காலு வரமாட்டேங்குது" என்றார். குடைக்கம்பி கையில் அப்படியே இருந்தது. வாசலில் வைத்த டின்னைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

அப்போதுதான் செல்லம் என் தாடையைத் திருப்பிச் சொன்னாள். "அம்மா, பெரியம்மா தண்ணிக்குள்ள கண்ண மூடிக்கிட்டே நடந்தாங்க. நாந்தான் வழி சொன்னேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு."

அதைக் கேட்டதும் பிள்ளையைக் கீழே இறக்கினேன். சல்லிக்கல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். எருமைக்குப் பயந்து அடுத்த வரிசைக்கு ஓடுகிறவர், மின்னலுக்குக் கண்ணாடியை மூடுகிறவர், இடுப்பில் என் பிள்ளையோடு அந்தத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார். பார்த்தால் பயத்தில் விழுந்துவிடுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

இருட்டுவதற்குள் எங்கள் வரிசையில் ஜன்னல் வரை தண்ணீர் ஏறிவிட்டது. அந்த வராந்தாவில் பாய் விரித்த இடத்தில் மார்பளவுத் தண்ணீர் நின்றது. தீபாவளியைச் சாமான் வண்டியில் கொண்டாடினோம். எண்ணெய்க் குளியலும் இல்லை, அதிரசமும் இல்லை. யாரோ கொடுத்த ரொட்டியை ஆசீர்வாதம் அண்ணன் பிட்டுப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தார். என் வீட்டுக்காரர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு அந்த டின்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சீண்டவில்லை. புது பிஸ்கோத்து டின் ஒன்றை அவரே வாங்கிக் கொடுத்தார்.

நான் என்ன செய்தேன்? மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கேட்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு அடுத்த வருஷமும் கொடுத்தேன். கிறிஸ்துமசுக்கு அக்கா கேக் கொடுப்பார். எங்களுக்குள் சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த அடியைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. "எண்ணெய் காயறப்பவும் கூப்பிடுங்க அக்கா" என்று மட்டும் ஒரு தரம் சொன்னேன். "வேணாம் மங்களம். ஒனக்கும் ஒரு பயம் இருக்குல்ல. அதப் பாத்து நான் எப்படிச் சிரிக்கறது?" என்றார். அதற்குப் பிறகும் நான் அதிரசம் சுடுகிற நாளில் கொல்லையில் நின்றபடி கதவு திறக்கும்வரை காத்திருப்பார். என் பயத்தை ஒருநாளும் கேலி செய்யாத மனுஷி அவர்.

ஆசீர்வாதம் அண்ணன் தவறிப்போன பிறகு கோட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அக்கா கிள்ளானில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ரயிலேறினால் ஒரு மணி நேரப் பயணம். பாயிண்ட்ஸ்மேன் பெண்டாட்டிக்குப் பாஸ் உண்டு, டிக்கெட் செலவுகூட இல்லை. போகிறேன் போகிறேன் என்று ஏழு தீபாவளியைத் தள்ளினேன். நேரில் போனால் அந்தப் பேச்சு வந்துவிடுமே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. இந்தத் தீபாவளிக்குக் கட்டாயம் போய்க் கையைப் பிடித்துச் சொல்லிவிடுவது என்று செல்லத்திடம்கூடச் சொல்லியிருந்தேன். எனக்கு முன்னால் அந்தோணி அண்ணன் வந்துவிட்டார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கம்பி. இப்போது நாங்கள் இருப்பது மேட்டுப் பக்கத்து வரிசை. ஆறு இவ்வளவு தூரம் வராது என்கிறார்கள். இருந்தாலும் கொல்லையில் ஒரு டின் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், "எதுக்கு அக்கா இதெல்லாம்? பயமா லா?" என்று சிரித்தாள். ஆமாம், பயம்தான் என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. அதுவும் அக்கா கொடுத்ததுதான்.

நேற்றுத் தீபாவளிக்கு முதல் நாள். அதிரசத்துக்கு எண்ணெய் ஏற்றியிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. எழுந்து போய்க் கம்பியை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் சிவப்பு நூலைத் தொட இன்னும் ஒரு விரல் இருந்தது. திரும்பி வந்து அடுப்பின் முன் உட்கார்ந்தேன். பழக்கத்தில் கை கதவைச் சாத்தப் போயிற்று. சாத்தவில்லை. சாரல் அடுப்படி வரை அடித்தது, எண்ணெய் படபடவென்று தெறித்தது. நாலைந்து அதிரசம் பிரிந்தும் போயிற்று. போகட்டும்.

அக்கா, கதவு திறந்திருக்கிறது. எண்ணெய் காய்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.